சம்பந்தி கொண்டுவந்த சிவப்பு ஒயின்

கடந்த மாதம் 16ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி 5.52. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்து, பெய்யவும் செய்யாமல் கலையவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது வானம். காற்று பெயருக்குக்கூட இல்லை.

சுங்கை காடுட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது என் வீடு. ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஆறு பேரும் ஒரே போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போத்தலை வைத்திருந்தவர் அதன் கழுத்தில் சுற்றியிருந்த தாளை ஒரு சின்னக் கத்தியால் வட்டமாக அறுத்துக்கொண்டிருந்தார். அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டர்கூட இவ்வளவு கவனமாக இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அவர் பெயர் சவரிமுத்து. பாரோய்க்காரர். என் மகள் தேவிகாவைக் கட்டிக்கொள்ளப் போகிற — போகிறான் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த — ஜெரால்டின் அப்பா.

என் மனைவி சரோஜா சமையலறைக் கதவோரம் முக்காலியில் இருந்தாள். தேவிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "ப்பா... ப்ளீஸ்."

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். எஸ்டேட் ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் கிராணி உத்தியோகம். வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போட்டு, கணக்கு எழுதி, சம்பளப் பட்டியல் கூட்டியே தலை நரைத்தவன். எதையாவது எண்ணாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. தேவிகாவுக்கு வந்து போன வரன்களையும் எண்ணி வைத்திருக்கிறேன் — ஒன்பது. பத்தாவது ஆளை, நீலாயில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலேயே, அவளே கண்டுபிடித்துவிட்டாள். பையன் கத்தோலிக்கர். கோயிலா, சர்ச்சா என்று ஒரு மாதம் இழுபடும் என்று நினைத்தேன். "ஒரு நாள் கோயில், மறுநாள் சர்ச். ரெண்டு நாளும் சாப்பாடு" என்று இரண்டு அம்மாக்களும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

பாக்கி இருந்தது இரண்டு அப்பாக்கள் சந்திக்க வேண்டியது மட்டும்தான்.

"ப்பா, அங்கிள் வரும்போது ஒரு ஒயின் போத்தல் கொண்டு வர்றார்" என்றாள் தேவிகா. "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ரிட்டயர் ஆனப்போ வாங்கினதாம். நல்ல நாளைக்குத் திறக்கணும்னு வச்சிருக்காராம்."

"தாராளமா கொண்டு வரட்டும். ஐஸ் இருக்கு."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐஸ்னு வாயில சொல்லாதீங்கப்பா!"

பிறகுதான் கதை வெளியே வந்தது. சவரிமுத்து முப்பது வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டர். சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, மூக்கை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, கடையை இழுத்து மூடச் சொல்கிற வேலை. ஓய்வு பெற்றபின் அந்த மூக்கை என்ன செய்வது என்று தெரியாமல் ஒயின் பக்கம் திருப்பிவிட்டார். மூத்த மகன் கல்யாணப் பேச்சுக்குப் போனபோது இதே மாதிரி ஒரு போத்தலைக் கொண்டு போயிருக்கிறார். பெண் வீட்டார் அதைப் பெரிய ஜக்கில் ஊற்றி, ஐஸ் கொட்டி, ஆரஞ்சு சோடா கலந்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் நடந்தது. ஆனால் இரண்டு வருஷமாக அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

"மூத்த மருமக இன்னைக்கும் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தூது போய்க்கிட்டு இருக்காங்கப்பா. தீபாவளிக்கு ஒரு பக்கம், கிறிஸ்மசுக்கு ஒரு பக்கம்... எனக்கு அந்த மாதிரி வாழ்க்கை வேண்டாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டு இருந்திருப்பேன். அழாததால், ஒரு போத்தல் வாங்கிக் குடித்துப் பழகிக்கொள்ள மறுநாளே பஸ் பிடித்து சிரம்பானுக்குப் போனேன்.

ஒயின் கடையில் இருந்த சீனப் பெண் கேட்டாள்: "அங்கிள், லைட்டா, ஸ்ட்ரோங்கா?"

"கெட்டியானது. வாயில் வைத்தால் நிற்க வேண்டும். சிவப்பு."

எண்பத்தொன்பது ரிங்கிட் தொண்ணூறு சென். கிளாஸ் இல்லாமல் எப்படி? ஆறு கிளாஸ், ஐம்பத்து நான்கு ரிங்கிட். அல்லித்தண்டு மாதிரி நீளக் காலும் அதன் மேலே ஒரு குடமும். இதை எந்த அலமாரியில் வைப்பது என்று சரோஜா கேட்டாள். நியாயமான கேள்வி.

வீடியோ பார்த்துப் படித்தேன். ஒரு வெள்ளைக்காரர், என் வயதுக்காரர்தான், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதலில் நிறத்தைப் பார். பிறகு கிளாசைச் சுழற்று. மூக்கை உள்ளே விடு. ஒரு மிடறு எடு, விழுங்காதே. கொஞ்சம் காற்றை உறிஞ்சி வாய்க்குள் அலசு. அப்புறம் என்ன வாசம், என்ன ருசி என்று சொல். சொல்லத்தான் வேண்டும் — அதுதான் மரியாதையாம். நம் ஊரில் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டாலே போதும்!

தொண்ணூறு வெள்ளிச் சரக்கை ஒத்திகைக்கு ஊற்ற மனம் வருமா? கிளாசில் கறுப்புத் தேத்தண்ணி ஊற்றிச் சுழற்றிப் பழகினேன். முதல் சுழற்றலிலேயே தேத்தண்ணி பறந்துபோய்ச் சுவர்க் காலண்டரில் இரண்டு வாரத்தை நனைத்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் பக்கத்து வீட்டு மாணிக்கம். எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர்.

"என்னா கிராணியாரே, குடிக்கிறதுக்கு முன்னாடி துணி மாதிரி அலசுறீங்க?"

"இதுக்குப் பேரு டேஸ்டிங்."

"ஓஹோ." கிளாசை மோந்து பார்த்தார். "தே-ஓ மாதிரி இருக்கே."

"தே-ஓ தான்."

மாணிக்கம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "சரோஜாம்மா, இவருக்குப் போன மாசம் பிரஷர் செக் பண்ணீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நிஜப் போத்தலைத் திறந்தேன். சரோஜா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், மருந்து கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நர்சு மாதிரி.

முதல் மிடறு... எப்படிச் சொல்வது? கொட்டைப்பாக்கையும் பழைய இரும்பு ஆணியையும் சேர்த்து மென்றது போல. நாக்கு சுருண்டு உள்ளே போய்விட்டது. பல்லெல்லாம் வறண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டியது.

"நல்லா இருக்கா?"

"இதுக்குப் போயா ஒருத்தர் ரெண்டு வருஷம் பேசாம இருக்காரு?"

சரோஜா யோசித்தாள். "வருஷக்கணக்கா மூடிக் கிடந்தது. திறந்த உடனே நல்லா இருக்குமா? கொஞ்சம் ஆறட்டும்ங்க. நான் ஆட்டுப் பிரட்டலை இறக்கிடுறேன்."

நாற்பது நிமிஷம் கழித்து, பிரட்டலில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு இரண்டாவது மிடறு எடுத்தேன். அதே போத்தல்தானா என்று திருப்பிப் பார்த்தேன். அந்தத் துவர்ப்பு அங்கேயேதான் இருந்தது. ஆனால் இப்போது அதற்கு ஒரு வேலை இருந்தது. ஆட்டுக் கொழுப்பை நாக்கிலிருந்து வழித்து எடுத்துவிட்டு, மிளகுக் காரத்தைத் தட்டிக் கொடுத்து உட்கார வைத்தது. அதற்குப் பின்னால் நாவற்பழம். நன்றாகக் கனிந்து, நாக்கைக் கறையாக்குமே, அது. விழுங்கிய பிறகும் போகவில்லை. பத்து எண்ணும் வரை இருந்தது. எண்ணினேன்.

"எனக்கு?" என்றாள் சரோஜா. ஸ்டவுட் பீரைக்கூடப் பிரசவ மருந்தாகத் தவிர வேறு எதற்கும் தொடாதவள். கிளாசைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். ஒரு துண்டு கறியைத் தின்றாள். மறுபடி குடித்தாள். "கசாயம்" என்று தீர்ப்புச் சொன்னாள். கிளாசை மட்டும் திருப்பித் தரவில்லை.

ஆக, 16ஆம் தேதிக்கு நான் தயாராகவே இருந்தேன். நிறம், சுழற்று, மோந்து பார், அலசு, சொல். சொல்வதற்கும் மனப்பாடமாக மூன்று வார்த்தை வைத்திருந்தேன்: கறுப்புப் பழம், புகையிலை, தோல்.

சவரிமுத்து தம்பதி ஜெரால்டோடு ஐந்து மணிக்கு வந்தார்கள். அவர் மனைவி ரெஜினா சந்தன நிறப் பட்டுச் சேலையில் சிரித்த முகமாக இருந்தார். சவரிமுத்து சிரிக்கவில்லை. வாசற்படியில் நின்று மூக்கைத் தூக்கினார். காலையிலிருந்து நான்கு தடவை தரை துடைத்திருந்த சரோஜா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கிருமிநாசினி," என்றார். "அதிகம். ஒயின் வாசம் எடுபடாது. ஜன்னலைத் திறந்துடலாமா?"

திறந்தோம். கொசு வந்தது. அடுத்து, வழக்கம்போல் சாம்பிராணி போடத் தணலை எடுத்துக்கொண்டு வந்த சரோஜாவைப் பார்த்து, "அம்மா, அதைக் கொஞ்சம் பொறுத்து வச்சுக்கலாமே" என்றார்.

சரோஜா என் காதோரம் வந்தாள். "என்னாங்க, நம்ம வீட்டுச் சாமியை வெயிட் பண்ணச் சொல்றாரா இவரு?"

"பத்து நிமிஷம்தான்."

"எண்ணிக்குங்க."

பிறகு அவர் ஒயினை ஊற்றி வைக்கக் கண்ணாடி ஜக் ஒன்று கேட்டார். வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. சரோஜா அதை மூன்று தடவை கழுவிக் கொண்டுவந்தாள். அவர் உள்ளே மூக்கை விட்டார்.

"ரசம்," என்றார். இன்னொரு தடவை மோந்தார். "பூண்டு ரசம்."

வெள்ளிக்கிழமை வைத்த ரசம்! ஜக்கைத் திருப்பி அனுப்பினோம். போத்தலிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. தேவிகாவின் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன. ஜெரால்ட் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூத்த அண்ணன் கல்யாணப் பேச்சும் இப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

இப்போது 5.52க்கு வந்துவிட்டோம்.

தாளை அறுத்தாயிற்று. தக்கை சத்தமில்லாமல் வந்தது. அவர் முதலில் எனக்கு ஊற்றினார். கால் கிளாஸ். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே அது மாதுளை முத்து மாதிரி இருந்தது, ஓரத்தில் மட்டும் செங்கல் நிறம். இரண்டு கையாலும் நீட்டினார்.

"எடுங்க கிராணியார். நீங்கதான் மொதல்ல. சொல்லுங்க."

வாங்கினேன். நிறத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. சுழற்ற வேண்டும்... சுழற்றத்தான் நினைத்தேன்.

என் வலது கை நடுவிரல் கிளாசுக்குள் இறங்கியது. நனைந்தது. வெளியே வந்தது. கட்டைவிரலோடு சேர்ந்து தெறித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

எங்கள் எஸ்டேட் எல்லையில் முனியாண்டி நிற்கிறார். மாமன் மச்சான் நாலு பேர் கூடி உட்கார்ந்து, ஒருவர் ஊற்றிக் கொடுத்து, "எடுங்க" என்று சொல்லிவிட்டால், உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும் முதல் மூன்று சொட்டு அவருக்கு. யாரும் யோசித்துச் செய்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிற மாதிரி. புதன்கிழமை ஒத்திகையில் அது ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது — அன்றைக்கு யாரும் எனக்கு ஊற்றித் தரவில்லை. "எடுங்க" என்று சொல்லவில்லை. வீடியோவில் படித்ததெல்லாம் கழுத்துக்கு மேலேயே தங்கிவிடுகிறது. கைக்கு யார் வீடியோ போட்டுக் காட்டினார்கள்?

முதல் சொட்டு தரையில் விழுந்தது. இரண்டாவது மேசைக் காலில். மூன்றாவது, ரெஜினா அம்மாளின் சந்தன நிறப் பட்டில், முழங்காலுக்குச் சற்று மேலே.

தேவிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

சவரிமுத்து சேலையைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார்.

"கை கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"எப்போ?"

"...நாலரைக்கு."

"அதுக்கப்புறம் எதையெல்லாம் தொட்டீங்க?"

என்னால் எண்ண முடியாமல் போன முதல் கணக்கு அதுதான்.

"சோப்புப் போட்டுத்தானே கழுவினீங்க?"

"எங்க வீட்டுல சோப்பு இருக்குங்க," என்றது கதவோரத்து முக்காலி.

போச்சு. எல்லாம் போச்சு. இனி தேவிகாவும் தீபாவளிக்கு ஒரு பக்கம், கிறிஸ்மசுக்கு ஒரு பக்கம் என்று பஸ் ஏறப் போகிறாள். முப்பத்து நான்கு வயதில் தானாகத் தேடிக் கண்டுபிடித்த வாழ்க்கை, என் ஒரு விரலால்...

அப்போதுதான் ரெஜினா அம்மாளைக் கவனித்தேன். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேக்குறாரு பாருங்க கேள்வி! அண்ணே, நீங்க இவரைக் கேளுங்க. வீட்டுல போத்தல் திறந்தா இவரு மொதல்ல என்னா செய்வாருன்னு கேளுங்க."

"ரெஜி..." என்றார் சவரிமுத்து. எச்சரிக்கிற குரல்.

"டீஸ்பூன்ல எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போவாரு அண்ணே. என் ரோஜாத் தொட்டியில மூணு சொட்டு விடுவாரு. ஏங்கன்னு கேட்டா, செடிக்கு நல்லதுன்னு சொல்வாரு. அந்தச் செடி செத்து மூணு வருஷம் ஆச்சு. இன்னமும் வெறுந்தொட்டிக்கு ஊத்திக்கிட்டு இருக்காரு!"

ஜெரால்ட் விசிறியிலிருந்து பார்வையை இறக்கினான். "டேடி? தொட்டியில ஊத்துறது இதுக்கா?"

சவரிமுத்துவின் காது சிவந்துவிட்டது. போத்தலை மேசையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"எங்கப்பா ரெம்பாவ் பக்கம் ஒரு எஸ்டேட்டுல மண்டோரு, ஆளுங்களை வேலை வாங்குறவரு," என்றார் கடைசியில். "ஞாயித்துக்கிழமை சர்ச் பூசைக்கு முன்வரிசையில நிப்பாரு. ஆனா சனிக்கிழமை சாயங்காலம், மொத சொட்டு அவருக்குத்தான்."

"யாருக்கு?" என்றேன்.

"அதான்... எல்லையில நிக்கிறவருக்கு. அப்பா பேரு சொல்ல மாட்டாரு. சாமி இல்லடா, மரியாதைன்னு சொல்வாரு. எனக்கும் விட முடியலே. அதான் ஸ்பூன்ல... சுத்தமா."

கதவோரத்திலிருந்து சரோஜா கேட்டாள்: "உங்கப்பா விரலாலதானே தெறிப்பாரு?"

"ஆமாம்மா. விரலாலதான்."

"கழுவிட்டா?"

அப்புறம் அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள்! கடைகளை மூட வைத்த அந்த மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு எழுந்து, "சிங்க் எங்கம்மா?" என்று கேட்டுப் போய், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, தன் கிளாசில் விரலை விட்டு மூன்று சொட்டு தெறித்தார். எங்கள் ஹால் தரையில். ரெஜினா அம்மாள் காலை மடக்கிக்கொண்டார்.

"இப்போ சொல்லுங்க," என்றார் என்னிடம். "உண்மையைச் சொல்லணும்."

மோந்து பார்த்தேன். கறுப்புப் பழம் இருந்தது. புகையிலை, தோல்... இருக்கலாம். ஆனால் மூக்கு வேறொன்றைச் சொன்னது. வாயில் வைத்தேன். நான் வாங்கியதைவிட இது கனமானது, ஆனால் அதன் துவர்ப்பு உரசவில்லை. பட்டு மாதிரி இறங்கியது. இறங்கிய பிறகு மெல்ல ஒரு புகை மேலே ஏறி வந்தது.

"ரப்பர் ஷீட்டு புகையில காயப் போடுவாங்களே, அந்தக் கொட்டகை," என்றேன். "மழை பெய்றப்போ கதவைத் திறந்தா ஒரு வாசம் வரும். அது."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பதினோரு வருஷம் காத்த போத்தலை ரப்பர் என்று சொல்லிவிட்டேனே!

அவர் கண்ணை மூடி நீளமாக மோந்தார். ஒரு மிடறு எடுத்தார். விழுங்கவே இல்லை, அவ்வளவு நேரம்.

"இந்த ஜாதி ஒயின்ல என்னமோ ஒண்ணு இருக்கு, என்னான்னு புடிபடலேன்னு வருஷக்கணக்கா தேடிக்கிட்டு இருக்கேன். புஸ்தகத்துல தோலுன்னு போட்டிருக்கான், புகையிலைன்னு போட்டிருக்கான். எனக்குச் சேரவே இல்லே." கண்ணைத் திறந்தார். "ஷீட்டுக் கொட்டகை! அதேதான் லா!"

மறு நிமிஷமே இன்ஸ்பெக்டர் திரும்பி வந்துவிட்டார்: "என் ஏரியாவுல இருந்திருந்தா அந்தக் கொட்டகையை மூடியிருப்பேன். சுத்தமா காத்தோட்டமே கிடையாது."

பிறகு, யாரும் கேட்காமலே, "ஜெரால்ட், காலண்டரை எடுத்துக்கிட்டு வா. சம்பந்தி, தேதி பாப்போம்" என்றார். காலண்டர் வந்தது. தேத்தண்ணிக் கறை பட்ட இரண்டு வாரத்தையும் அவர் மோந்து பார்த்தார்; நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை. தேவிகா எழுந்து சமையலறைக்குள் போனாள். கறிச் சட்டியோடு திரும்பி வரும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோ ஆட்டிறைச்சி, எண்பத்து நான்கு ரிங்கிட். ஒரு துண்டு மிஞ்சவில்லை. சாம்பிராணி அரை மணி தாமதமாகப் போடப்பட்டது. சம்பந்தி எழுந்து நின்று, ஒயின் கிளாசை மட்டும் கையால் மூடிக்கொண்டார்.

சேலைக் கறைக்கு ரெஜினா அம்மாள் உப்பைத் தேய்த்தார். சரோஜா எலுமிச்சையைப் பிழிந்தாள். இரண்டும் சேர்ந்து கறையைக் கை அகலத்துக்கு வளர்த்துவிட்டன. டிரை கிளீனிங்குக்கு இருபத்தைந்து ரிங்கிட் கட்டினேன்; கடைக்காரர் கறையை அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். வேறு வழி? "ஐயோ, வேண்டாம் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்த சம்பந்தியம்மாளுக்கு, சிரம்பானில் இரண்டு மணி நேரம் தேடி எடுத்த புதுப் பட்டு முந்நூற்று இருபது.

போத்தல், கிளாஸ், கறி, சலவை, சேலை — ஆகக்கூடி, மூன்று சொட்டு ஒயின் எனக்கு ஐந்நூற்று எழுபத்திரண்டு ரிங்கிட் தொண்ணூறு சென் — கல்யாணச் செலவு நீங்கலாக.